விடை வராத ஜெபங்கள்: கொல்லிமலையிலிருந்து ஒரு சாட்சி

(தலைச்சோலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துன்பத்தில் கடவுளை நம்புவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். வேத வசனங்களை வரிசையாக எடுத்துச் சொல்லி இந்த நேரத்தை நிரப்பிவிட முடியும். அப்படிச் செய்தால் ஆலயத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய வசனங்கள் மறுபடி காதில் விழும். வீட்டில் ஒரு சாவையோ தீராத நோயையோ வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அவர்களை மனத்தில் வைத்தே பேச விரும்புகிறேன். அதனால் ஒரு குடும்பத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நமக்குப் பக்கத்து மலையில் நடந்த வரலாறு அது.

அண்ணாமலையார் கோயிலால் அறியப்பட்ட, சேர்வராயன் மலையிலுள்ள இந்தத் தலைச்சோலையில், மலைவாழ் மலையாளி மக்களின் பூர்வீகக் கதையை நான் சொல்லத் தேவையில்லை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வழி சேர்வராயன் மலையில் தங்கியது, மற்றவர்களின் வழி வேறு மலைகளுக்குப் போனது என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கொல்லிமலைக்காரர்கள் உங்களுக்குப் பங்காளிகள். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை 1997 வரை நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இங்கே ஏற்காட்டில் 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். பின்னால் பங்களாக்களும் பள்ளிக்கூடங்களும் வந்தன. கொல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சமவெளிக்காரர்கள் மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி ஒதுங்கிய மலை அது.

அந்த மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி போனார். வீடு கட்டத் தெரிந்தவர். வெப்பமண்டல நோய்களுக்கு மருந்து கொடுக்கவும் ஓரளவு பயின்றவர். 1913இல் அவர் எவ்லின் ஹாரிஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். எவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் கற்றவர். இருவரும் கொல்லிமலையில் குடியேறினார்கள். 1914இல் பால் என்ற மகன் பிறந்தான். அடுத்து கோனி என்ற மகள்.

பல ஆண்டுகள் அவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை. மருந்து வாங்க வருவார்கள், போய்விடுவார்கள். ஊர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918இல், விஷக்காய்ச்சல் உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது மலைக்கும் ஏறியது. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். பயத்தில் யாரும் அருகே போகாத வேளையில் இவர்கள் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு அவளைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். மலையில் முதல் சபை உருவானது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சம்பவத்தைப் பல பிரசங்கங்களில் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிர்த்தவர் விழுந்தார், ஊழியம் எழுந்தது என்று முடிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த மனிதர் தன் தெய்வத்துக்கு உண்மையாக இருந்தவர். சாகும்போது தன் குழந்தையை நினைத்துக் கலங்கிய ஒரு தகப்பன். அவர் மதம் மாறியதாக நான் படித்ததில்லை. தன் குழந்தையை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்கள் யார் என்பதை மட்டும் அவர் கண்டுகொண்டார். கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், மனிதர்மேல் அவர் வைத்த அந்த நம்பிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1923இல் குடும்பம் விடுமுறைக்கு இங்கிலாந்து போனது. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் லண்டனில் அத்தைமார் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. அக்கால மிஷனரிகள் பலரும் செய்ததுதான். என்றாலும் இதை நான் எளிதாகக் கடந்துபோகமாட்டேன். பெற்றோரின் கீழ்ப்படிதலுக்கு அந்தக் குழந்தைகளும் விலை கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஊழியம் என்ற பெயரில் பிள்ளைகளின் ஏக்கத்தைக் கணக்கில் எடுக்காத வழக்கம் நம் ஊழியக்காரர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தியாகம் என்று அதைப் புகழ்வதற்கு முன் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி இரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சல். மருத்துவமனையும் மருத்துவரும் இல்லாத இடத்தில் எவ்லின் கணவரின் பக்கத்தில் இருந்தார். ஜூன் 15ஆம் தேதி ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. அடுத்த ஆண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். வாழவந்தியில் அவரைப் புதைத்தார்கள்.

லண்டனுக்குத் தந்தி போயிற்று. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இறந்துபோன அப்பாவிடமிருந்து, அவர் இறந்து பல வாரங்களுக்குப் பிறகும், கடிதம் வந்தது. பதினான்கு வயதுப் பையன் அவற்றை வாங்கிப் படித்தான். பால் பிராண்ட் இதைப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். இதற்கு என்ன விளக்கம் சொல்லலாம்? பல ஆண்டுகள் மலைக்காரர்களுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தவருக்கே காய்ச்சல் ஏன்? அந்த மலையில் எத்தனையோ பேருக்காக ஜெபித்த ஒரு மனைவி, கணவருக்காகவும் ஜெபித்திருப்பாரே. அந்த ஜெபம் எங்கே போயிற்று?

நம்மிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டும் தவறு என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதல் பதில், ‘இது தேவ சித்தம், ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது. இந்தச் சொற்றொடரில் ஆழமான பக்தி உண்டு. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆனால் அவர் எப்படி ஒப்புக்கொடுத்தார்? இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டுவிட்டு, வியர்வை சிந்தி, மறுபடியும் மறுபடியும் கேட்டுவிட்டு. நாமோ அந்தக் கேட்பதை வெட்டி எறிந்துவிட்டு ஒப்புக்கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். தமிழ் மண்ணில் எல்லாத் துயரத்துக்கும் ‘தலைவிதி’ என்று சொல்லிப் பழகிய நாம், ஞானஸ்நானம் வாங்கிய பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதே இடத்தில் தேவ சித்தத்தை உட்கார வைத்துவிட்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், துட்டி கேட்கப் போன வீட்டில், உடல் எடுக்கும் முன்னே இதைச் சொல்லிவிடுகிறோம். சொல்பவருக்கு அது நிம்மதி தருகிறது. கேட்கும் தாய்க்கு, கடவுளே தன் எதிரி என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது பதில் இந்தக் காலத்துக்குரியது. விசுவாசம் இருந்தால் சுகம் உண்டு, சுகம் இல்லையென்றால் விசுவாசத்தில் குறை. சுவிசேஷக் கூட்டங்களின் பெரிய மேடைகளில் இது ஒலிக்கிறது. சபைகளில் சாட்சி நேரம் வைக்கிறார்கள். யாருக்குச் சாட்சி சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், கட்டி கரைந்தவர். கரையாத கட்டியோடு பத்து வருடமாக அதே பெஞ்சில் வந்து உட்காரும் அக்காவிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. அந்த அக்காவின் வருகைதான் சபையின் மிகப் பெரிய சாட்சி என்று நான் நம்புகிறேன். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை நாம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று போற்றுகிறோம். அதன் கடைசிப் பகுதியை மெதுவாக வாசித்துப் பாருங்கள். விசுவாசத்தால் பட்டயத்துக்குத் தப்பியவர்களும், அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் வெட்டுண்டவர்களும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். தப்பியவர்களின் விசுவாசம் பெரிது, செத்தவர்களின் விசுவாசம் சிறிது என்று எழுதியவர் சொல்லவில்லை. பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பிலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் அவரோடேயே இருந்தது. பவுலைவிட நம் அக்காவிடம் அதிக விசுவாசம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு போயிருந்த யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோயிற்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பள்ளி முடிந்து வெளியே வந்த குழந்தைகள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். இந்த இரண்டு இடங்களிலும் நின்றுகொண்டு மேற்சொன்ன இரண்டு பதில்களில் எதையாவது வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அங்கே சொல்ல முடியாததை எங்கேயும் சொல்லக்கூடாது.

யோபுவின் புத்தகத்துக்கு வருகிறேன். நாற்பத்திரண்டு அதிகாரம் கொண்ட அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் பரலோகத்தில் நடக்கும் ஓர் உரையாடல் வருகிறது. யோபுவின் துன்பத்துக்குப் பின்னணி அதுதான். வாசிக்கிற நமக்கு அது தெரியும். யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது! கடவுள் அவரோடு பேசுகிறார், வானத்தையும் கடலையும் விலங்குகளையும் காட்டுகிறார். ஆனால் ‘உனக்கு இது நடந்ததன் காரணம் இது’ என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. யோபுவின் நண்பர்களோ காரணங்களோடு வந்தவர்கள். முதல் ஏழு நாள் அவர்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பிறகு பேசத் தொடங்கினார்கள். கடவுளுக்காக வாதாடினார்கள், கடவுளின் நீதியைக் காப்பாற்றினார்கள். முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேல் வந்தது. தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன், கத்தி முறையிட்ட யோபுதான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எனக்கு இது வேதாகமத்தின் மிகத் துணிச்சலான இடங்களில் ஒன்று. பிரசங்க பீடத்தில் நிற்கிற நாங்கள் எல்லாரும் அந்த நண்பர்களின் வாரிசுகள் ஆகிவிடாமல் இருக்க வேண்டுமே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அப்படி ஒன்றை வேதமாக வைத்துக் காத்த சமூகம், கடவுளிடம் சண்டை போடுவதையும் ஜெபம் என்றே எண்ணியது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோமே, நான்காம் வார்த்தையைப் பேச வருகிற போதகர் பெரும்பாலும் அவசரப்படுகிறார். தன்னைக் கைவிட்டது ஏன் என்று இயேசு கேட்டதை, அவர் உண்மையில் கேட்கவில்லை, நமக்காகச் சொன்னார், சங்கீதத்தை நினைவுகூர்ந்தார் என்று விளக்கிவிடப் பார்க்கிறார். அவர் கேட்டார். பதில் வரவில்லை. அந்த மௌனத்தில் அவர் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஒரு முழுச் சனிக்கிழமை இருக்கிறது. அந்தச் சனிக்கிழமையில் வாழ்கிறவர்கள் நம் சபைகளில் நிறையப்பேர்.

நம்முடைய அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் இதற்கு ஒரு வழி இருந்தது. ஒப்பாரி. இறந்தவரைப் பார்த்தே ‘ஏன் போனாய்’ என்று கேட்பார்கள். சாமியையும் விட மாட்டார்கள். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி கூடாது, அது நம்பிக்கையற்றவர்களின் அழுகை என்று சொல்லி, பல ஊர்களில் அந்தப் பெண்களின் வாயை அடைத்தோம். அந்த இடத்தில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தோம். பாட்டுகள் நல்லவைதாம். ஆனால் சங்கீதக்காரனுக்குக் கொடுத்த உரிமையை ஒரு மலைக் கிராமத்துத் தாய்க்கு மறுக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எவ்லினிடம் திரும்புவோம். கணவர் இறந்த பின் அவர் இங்கிலாந்து போனார். துறைமுகத்தில் தன் அம்மாவைப் பார்த்த மகனுக்கு, ஐம்பது வயதிலேயே குறுகி மூப்படைந்துபோன ஒரு பெண் தெரிந்தாள். நம்பிக்கை உள்ளவர்கள் உடைய மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் உடைந்தார். பிறகு எல்லாரும் தடுத்தும் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. ஏறக்குறைய எழுபது வயதில் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்ற அவர் ஊருக்குக் கப்பலேறவில்லை. சொந்தப் பொறுப்பில் மலை ஏறினார். கொல்லியோடு கல்வராயன் முதலிய மலைகளையும் சேர்த்து ஐந்து மலைத்தொடர்களுக்குப் போக வேண்டும் என்று அவரும் ஜெஸ்ஸியும் ஒரு காலத்தில் திட்டமிட்டிருந்தார்கள். அதை ஒற்றை ஆளாகத் தொடங்கினார். மட்டக் குதிரையில் ஏறிப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். மருத்துவரான மகன் வந்து போதும் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி இருபது ஆண்டுகள் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கணவர் ஏன் இறந்தார் என்பதற்கு எந்த நாளிலாவது அவருக்கு விடை கிடைத்ததா என்று அவருடைய வரலாற்றில் தேடினேன். எனக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. விடை கிடைத்ததால் திரும்பி வந்தவரல்லர் அவர். விடையில்லாமலே, தன் துக்கம் புதைந்திருந்த அதே மலைக்கு வந்தார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அங்கேயே சேர்ந்தார். துன்பத்தில் கடவுளை நம்புவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அவர் திரும்பி வந்ததைத்தான் காட்டுவேன்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொறுத்துக்கொள் என்று நானும் உபதேசம் செய்தவனாகிவிடுவேன். மலையில் அவர் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். நரம்புச் சிலந்தி என்ற நோயை உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். படிக்கட்டுக் கிணற்றிலும் குட்டையிலும் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் ஒரு புழு வளரும். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, இரண்டு மூன்றடி நீளத்தில், காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றி ஒரு நாளைக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். அறுந்துவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். காலில் புழுவோடு எரிச்சல் தாங்காமல் ஒருவர் கிணற்றில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும், நோய் அடுத்த வருடம் ஊருக்கே வரும். எவ்லின் ஊர் ஊராகப் போய், கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்ட வேண்டும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று வற்புறுத்தினார். மலைப்பகுதியில் அந்த நோய் ஏறக்குறைய ஒழிந்துபோகும் அளவுக்கு அவருடைய பிடிவாதம் வேலை செய்தது என்று பால் பிராண்ட் எழுதுகிறார். இந்தியா முழுவதும் அது ஒழிய இன்னும் நாளானது. கடைசி நோயாளி 1996இல், உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000இல். புழுவைக் கடவுளின் சோதனை என்று அவர் சொல்லவில்லை. சுவர் கட்டச் சொன்னார்.

தவிர்க்க முடியாத துன்பம் வேறு. மனிதர் கையால் விளையும் துன்பம் வேறு. குறைந்த கூலியும், தோட்டக் குடியிருப்பின் ஒழுகும் கூரையும், கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரவேண்டிய பாதையில்லா ஊரும் சிலுவை அல்ல. இவற்றைச் சுமக்கச் சொல்லி ஏழைக்கு வேதம் காட்டுவது கடவுளின் பெயரை வீணிலே வழங்குவது. நம் தமிழ்நாட்டில் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பி வைத்திருந்தவர்கள் உண்டு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் பொறுமையைப் பற்றிப் பேச, சுவர் கட்டியவர்களுக்கு வாய் இல்லை. முதலில் இடிக்கட்டும்.

பால் பிராண்டைப் பற்றிக் கொஞ்சம். அவர் அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றே அதுவரை பலரும் எண்ணினார்கள். வலி தெரியாமல் போவதால்தான், சூட்டையும் காயத்தையும் உணராமல், அந்தக் கைகள் நாளடைவில் சிதைகின்றன என்று அவர் கண்டு காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். வலியைக் கடவுளின் கொடை என்று பிற்காலத்தில் எழுதவும் செய்தார். ஆயிரக்கணக்கான வலியற்ற கைகளைத் தொட்டவர் அப்படிச் சொல்லலாம்; அவருக்கு அந்த உரிமை உண்டு. அதைக் கடன் வாங்கிக்கொண்டு புற்றுநோய் வார்டுக்குப் போய், ‘வலி ஒரு கொடை’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் கண்டது நரம்பு எப்படி உடலைக் காக்கிறது என்பதை. தன் அப்பாவின் காய்ச்சலுக்கு அது விடை என்று அவரும் நினைத்திருக்க முடியாது.

அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954 ஜனவரியில் நண்பர்களோடு காரில் போகும்போது விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. இளம் வயது, மருத்துவராக வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியிருந்தது. எழுந்து நடக்க வேண்டும் என்ற அவருடைய ஜெபமும் கேட்கப்படவில்லை. உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யலாமே என்று பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அவர் அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, 1960களில் வேலூரில் அதற்கென்று தனித் துறையை நிறுவினார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்டுவடம் முறிந்து வந்தவர்களிடம் ‘எனக்குப் புரிகிறது’ என்று பொய்யில்லாமல் சொல்லக்கூடிய மருத்துவராக அவர் இருந்தார்.

ஆனால் அவர் நன்மை செய்வதற்காகத்தான் கடவுள் அந்த விபத்தை அனுப்பினார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு நல்லதைச் செய்ய ஒரு பெண்ணின் முதுகெலும்பை முறிக்க வேண்டிய கடவுளை நான் வணங்கவில்லை. முறிந்துபோன பிறகும் அவர் விட்டுவிட்டுப் போகாத கடவுளைத்தான் வணங்குகிறேன். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. சிலுவை எனக்குச் சொல்வதும் இதுதான்: கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று அதை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை, அதற்குள் வந்து அடிபட்டார்.

டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்று உணர்ந்து, நோயாளியாக இருந்தே மற்ற நோயாளிகளுக்கு எழுதினார். 1933இல் அது புத்தகமாக வந்தது. இங்கே இருக்கும் இளம் போதகர்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் அதை மனத்தில் வைத்துச் சிலவற்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். துக்க வீட்டுக்குப் போகும்போது விளக்கத்தை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். அழுகிற அம்மா கடவுளைத் திட்டினால் தடுக்காதீர்கள். அவர் இன்னும் கடவுளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்துவிட்டு, அதன் முடிவை மாற்றாமல் மூடி வையுங்கள். சபையில் படுக்கையில் கிடப்பவர்களின் பெயர்களை எழுதிவைத்து, அவர்களில் ஒருவரையாவது வாரந்தோறும் போய்ப் பாருங்கள்; அங்கே கஞ்சிக்கு அரிசி இருக்கிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டு, தேவையென்றால் சேலத்துக்கு அழைத்துப்போக வண்டி பிடித்துக் கொடுங்கள். அடக்கத்தன்று ஊரே வரும், பதினாறாம் நாளுக்கும் உறவினர் வருவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நீங்கள் அப்போது போங்கள்.